முறை வைத்துச் சுமப்பவர்கள்

முதுகில் மூட்டையை ஏற்றிக்கொண்டு நாடு சுற்றுகிறவர்களுக்கு முதல் ஏற்றத்திலேயே ஒரு கணக்கு பிடிபட்டுவிடும். எதை எடுத்துக்கொண்டோமோ அதை நம் தோள்தான் சுமக்க வேண்டும். மாற்றுத் துணி, தண்ணீர், மழைக்கு ஓர் உறை, சில நாளைக்கான உணவு. இதற்கு மேல் சேரும் ஒவ்வொன்றும் தன் எடையைச் சொல்லிக் காட்டும். அந்தப் பயணத்தை விடுதலை என்று நாம் கருதுவதும் இதனால்தான். வீட்டையும் கடனையும் பதவியையும் பின்னே விட்டுவிட்டு, தூக்கக்கூடிய அளவுக்கு வாழ்வைச் சுருக்கிக்கொண்டோம் என்ற ஆறுதல் அதில் இருக்கிறது. குறைவாகச் சுமப்பவனே நிறைவாக நடக்கிறான் என்று துறவிகள் நெடுங்காலமாகச் சொல்லிவருவதும் இந்த ஆறுதலுக்குத் துணை நிற்கிறது.

சில நிலங்கள் இந்த நினைப்பை அப்படியே விட்டுவைப்பதில்லை. தென்னாப்பிரிக்காவின் கிழக்கில், டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடருக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் நடுவே விரிந்து கிடக்கும் குவாசூலு-நேட்டால் அப்படியொரு நிலம். சூலு மக்களின் தாயகம் அது. காண்டாமிருகமும் யானையும் சிங்கமும் வாழும் காடுகள் அங்கே உண்டு. செயின்ட் லூசியா என்ற கடலோரச் சிற்றூரில் இரவானால் நீர்யானைகள் தெருவுக்கு வந்து புல் மேயும். இங்கே வருகிறவர்களிடம் இரண்டு ஆசைகள் தனித்தனியே இருக்கும். ஒன்று, பழம்பெரும் மரபொன்றைக் காண்பது. மற்றது, காட்டு விலங்கைக் காண்பது. பயணத் திட்டமும் அதற்கேற்ப, மரபுக்கு ஒரு நாள், காட்டுக்கு மூன்று நாள் என்று பிரிந்திருக்கும். நடக்க நடக்க இரண்டும் ஒரே கேள்வியில் வந்து சேர்கின்றன: இவற்றையெல்லாம் இத்தனை காலம் சுமந்து நம் கண்முன் கொண்டுவந்து சேர்த்தவர்கள் யார்?

அந்தப் பக்கத்துப் புதர்க்காடுகளில் வளரும் முள்மரம் ஒன்று உண்டு. நம் இலந்தைக்கு நெருங்கிய உறவு. தாவர நூலார் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைக்கிறார்கள். பளபளக்கும் சிறிய இலைகள், செம்பழுப்பு நிறத்தில் உருண்டைப் பழங்கள், கணுவுக்குக் கணு திசை மாறிப்போகும் கிளை. ஒவ்வொரு கணுவிலும் இரண்டு முட்கள் இருக்கும். ஒன்று நேராக நீட்டி நிற்கும். மற்றது கொக்கிபோல் பின்னோக்கி வளைந்திருக்கும். சட்டையில் மாட்டிக்கொண்டால் முன்னே போகவும் விடாது, பின்னே வரவும் விடாது. சூலு மக்கள் இந்த மரத்தை உம்லஹ்லான்கோசி என்கிறார்கள்.

ஒருவர் ஜோஹானஸ்பர்க் சுரங்கத்திலோ நெடுஞ்சாலை விபத்திலோ தூரத்து மருத்துவமனையிலோ இறந்துபோனால், உடலைக் கொண்டுவந்து புதைப்பதோடு வீட்டாரின் கடமை முடிந்துவிடுவதில்லை. குடும்பத்துப் பெரியவர் ஒருவர் இந்த மரத்தின் கிளையோடு, உயிர் பிரிந்த இடத்துக்கே போகிறார். இறந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டுக்குப் போவோம் வா என்று அழைக்கிறார். அவர் கிளையில் வந்து தங்கிவிட்டார் என்ற நம்பிக்கையோடு திரும்புகிறார். வழியில் மற்றவர்களோடு பேச்சு வைத்துக்கொள்வதில்லை. ஆற்றைக் கடந்தால், ஆற்றைக் கடக்கிறோம் என்று கிளையிடம் சொல்ல வேண்டும். வண்டி மாறினால் அதையும் சொல்ல வேண்டும். மினி பஸ்ஸில் ஏறினால் இரண்டு பேருக்குக் கட்டணம் கொடுக்கிறார். ஓர் இருக்கை அவருக்கு, இன்னொன்று கூட வருகிறவருக்கு. வீடு வந்ததும், வட்டக் குடிசையில் வாசலுக்கு எதிர்ப்புறம் முன்னோர்க்கென்று ஒதுக்கிய இடத்தில் கிளையை வைக்கிறார்கள். போனவர் அப்போதுதான் வீடு சேர்ந்தார்.

அந்த இரண்டாவது இருக்கைக்குக் கொடுத்த பணத்தை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். வசதியான குடும்பம் கொடுப்பதல்ல அது. பல வீடுகளில் அந்த மாதத்து மாவுக்கும் எண்ணெய்க்கும் வைத்திருந்ததிலிருந்து எடுத்தது. பயணம் என்றால் தன்னைத் தேடிப் போவது என்று சொல்லிக்கொள்ளப் பழகியிருக்கிறோம். இந்தப் பெரியவர் தன்னைத் தேடிப் போகவில்லை. தன்னால் திரும்பிவர முடியாமல்போன ஒருவரை அழைத்துவரப் போனார். கையிலிருக்கும் கிளைக்கு எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதை நடுவழியில் வைத்துவிட்டு இளைப்பாற முடியாது. நம் முதுகுப்பையை எந்த மர நிழலிலும் இறக்கிவைக்கலாம். இறக்கிவைக்க முடிந்த சுமைக்கும் முடியாத சுமைக்கும் இருக்கும் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், அந்த நிலத்தில் காணும் மற்றவையும் மெல்ல மெல்ல விளங்கத் தொடங்குகின்றன.

இசாண்ட்ல்வானா என்பது சமவெளியில் தனித்து எழும் பாறைக்குன்று. 1879 ஜனவரி 22 அன்று அதன் அடிவாரத்தில் முகாமிட்டிருந்த ஆங்கிலேயப் படையைச் சூலுப் படை சுற்றி வளைத்து அழித்தது. ஆங்கிலேயர் தரப்பில் 1,300-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பீரங்கி வைத்திருந்த பேரரசு ஈட்டியும் கேடயமும் ஏந்தியவர்களிடம் தோற்ற செய்தி இலண்டனை அதிரவைத்தது. இன்று அந்தப் புல்சரிவில் நின்றால் வெள்ளையடித்த கற்குவியல்கள் கண்ணுக்கெட்டும் தூரம்வரை தெரிகின்றன. ஒவ்வொன்றின் கீழும் வீரர்கள் சிலரின் எலும்புகள் சேர்த்துப் புதைக்கப்பட்டிருக்கின்றன. யாரோடு யார் சேர்ந்து வீழ்ந்தார்கள், எந்தப் பக்கம் பின்வாங்கினார்கள் என்பதைக்கூட அந்த வெண்புள்ளிகளைத் தொடர்ந்து போனால் ஊகிக்கலாம்.

அதே நாளில் அதே புல்லில் சூலு வீரர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தார்கள். சொந்த மண்ணைக் காக்க வந்து மாண்ட அவர்களுக்கு அங்கே ஒரு நினைவுச்சின்னம் எழுந்தது 1999-இல்தான். வீரத்துக்கு அடையாளமாக அணியும் மரமணி மாலையின் வடிவில் வெண்கலத்தில் வார்க்கப்பட்டது அது. இடையில் 120 ஆண்டுகள். அத்தனை காலமும் அவர்களைக் கல் சுமக்கவில்லை, வீடுகள் சுமந்தன. தந்தை மகனுக்கும் பாட்டி பேத்திக்கும் பெயர்களைக் கைமாற்றிக்கொண்டே வந்தார்கள். வரலாறு வென்றவர்களால் எழுதப்படுகிறது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எழுதப்படாததை எழுத்தே இல்லாமல் நான்கைந்து தலைமுறை தாங்கிவருவது எவ்வளவு பெரிய உழைப்பு என்பதை நாம் நினைப்பதேயில்லை.

அந்த வெற்றியும் நிலைக்கவில்லை. அதே ஆண்டு ஜூலை 4 அன்று உலுண்டியில் சூலுப் படை முறியடிக்கப்பட்டது. அரசர் செட்ஷ்வாயோ சிறைபிடிக்கப்பட்டுக் கேப் டவுனுக்குக் கொண்டுபோகப்பட்டார். நாடு 13 தலைவர்களுக்குப் பங்கு போடப்பட்டது. குடிசைக்கு வரி, தலைக்கு வரி என்று வந்தபோது, பணத்துக்காக ஆண்கள் சுரங்கங்களுக்குப் போக வேண்டியதாயிற்று. தூரத்து மண்ணில் இறந்தவர்களை முள்மரக் கிளையோடு போய் அழைத்துவர வேண்டிய வீடுகள் இவ்வளவு பெருகியதற்கு இந்த வரிகளும் ஒரு காரணம்.

இந்த இடத்தில் நம்மவர் கதையும் குறுக்கிடுகிறது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் மதராஸிலிருந்து 342 பேரோடு டர்பன் துறைமுகம் சேர்ந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. உள்ளூர் மக்களுக்கு அப்போது நிலமும் மாடும் இருந்தன. வெள்ளைத் தோட்டக்காரர்கள் விதித்த கூலிக்கும் கட்டுப்பாட்டுக்கும் அவர்கள் பணியவில்லை. அவர்கள் ஏற்க மறுத்த சுமையைத் தூக்கத்தான் தமிழும் தெலுங்கும் பேசிய ஏழைகள் கடல் கடத்தப்பட்டார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தும் அங்கேயே தங்க விரும்பியவர்கள்மீது பின்னாளில் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி விதிக்கப்பட்டது. ஆப்பிரிக்க ஆண்கள்மீது 1 பவுண்டு தலைவரி வந்ததும் 1906-இல் பம்பாத்தா என்ற குலத்தலைவரின் தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. அது கொடூரமாக ஒடுக்கப்பட்டபோது, கசையடியிலும் துப்பாக்கிச் சூட்டிலும் காயம்பட்ட சூலு மக்களுக்கு மருந்திட வெள்ளையர் முன்வரவில்லை. காந்தியின் இந்தியத் தொண்டர் படைதான் அவர்களைத் தூக்கிச் சுமந்தது. ஏழு ஆண்டு கழித்து, 3 பவுண்டு வரியையும் எதிர்த்து நடந்த போராட்டத்தில் தில்லையாடி வள்ளியம்மை மாரிட்ஸ்பர்க் சிறையில் நோயுற்று, விடுதலையானதும் உயிர்விட்டாள். ஓர் அரசின் இரண்டு வரிகளை இரண்டு மக்கள் பக்கத்தில் பக்கத்தில் சுமந்தார்கள். ஒருவரையொருவர் எவ்வளவு அறிந்திருந்தார்கள் என்பது வேறு கேள்வி. அறிந்திருக்க வேண்டிய அளவுக்கு அறியவில்லை என்பதே என் எண்ணம். அதன் விளைவுகளை டர்பன் பின்னாளில் கலவரங்களாகக் கண்டது.

சூலு நாட்டின் பழைய நடைபாதைகளின் ஓரத்தில் வேறுவகைக் கற்குவியல்களும் உண்டு. இசிவிவானே என்று பெயர். இவற்றின் கீழே யாரும் புதைக்கப்படவில்லை. அந்த வழியாகப் போகிறவர் கீழே கிடக்கும் ஒரு கல்லை எடுத்து, அதில் எச்சில் தொட்டு, குவியலில் சேர்த்துவிட்டு நடக்க வேண்டும். முன்னோரை நினைத்து, போகும் காரியம் நலமாக முடிய வேண்டிக்கொள்வது வழக்கம். முதல் கல்லை வைத்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது. கடைசிக் கல் என்று ஒன்று இல்லவும் இல்லை. நேற்று போனவரின் கல்மேல் இன்று போகிறவரின் கல் உட்காருகிறது. கல் சிறியது, ஒரு பிடிக்குள் அடங்குவது. ஆனால் அதை வைக்காமல் கடந்துபோவது, தனக்கு முன் அந்தப் பாதையில் யாருமே நடக்கவில்லை என்று சொல்வதற்குச் சமம்.

காட்டுக்கு வருவோம். ஹ்லுஹ்லுவே–இம்ஃபலோசி காப்பகத்தின் வரைபடத்தில் இரண்டு ஆறுகள், கறுப்பு இம்ஃபலோசியும் வெள்ளை இம்ஃபலோசியும், ஒன்றுசேரும் இடம் தெரியும். அந்த ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலம் ஒரு காலத்தில் சூலு அரசர்களின் வேட்டைக்காடு. அவர்களில் ஒருவரான ஷாகாவின் ஆட்கள் விலங்குகளை விரட்டிவந்து வீழ்த்திய குழிகள் ஆறுகள் கூடுமிடத்துக்கு அருகே இருந்தன. அரசருக்கென்று ஒதுக்கப்பட்டதால் அந்தக் காட்டில் எல்லாரும் எந்நேரமும் வேட்டையாட முடியவில்லை. செட்சி ஈ மாடுகளுக்குக் கொண்டுவந்த நோயும் மேய்ச்சலை அங்கிருந்து தள்ளியே வைத்தது. அரசின் தடையும் ஈயின் கடியும் சேர்ந்து காத்த காட்டைத்தான் 1895-இல் குடியேற்ற அரசு காப்பகமாக அறிவித்தது. மனிதர் கால் படாத கன்னிநிலம் என்று நாம் மயங்கிப் பார்ப்பது உண்மையில் மனிதர்களின் நெடிய வரலாறு ஒன்றின் விளைவு.

அப்போது தென்னக வெள்ளைக் காண்டாமிருகங்களில் உலகில் எஞ்சியிருந்தவை நூற்றுக்கும் குறைவு. அவை அந்த ஆறுகளுக்கு இடையே ஒண்டியிருந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் செட்சி ஈயை ஒழிப்பதாகச் சொல்லிக் காட்டு விலங்குகளைப் பல்லாயிரக்கணக்கில் சுட்டுத் தள்ளியபோதும் காண்டாமிருகத்தைமட்டும் விட்டுவைத்தார்கள். 1960-களில் அவற்றை மயக்கி, வண்டியேற்றி, வேறு காடுகளுக்கும் வேறு நாடுகளுக்கும் அனுப்பிக் குடியமர்த்தினார்கள். அந்த முயற்சியை முன்னின்று நடத்தியவர் இயன் பிளேயர். அவருக்குக் காட்டைக் கற்றுக்கொடுத்தவர் மக்குபு ந்டொம்பேலா என்ற சூலுப் பெரியவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். சிறுவனாக அந்தக் காட்டில் வேலைக்குச் சேர்ந்து வாழ்நாள் முழுவதும் அதிலேயே கழித்தவர். வெள்ளையர் ஆணையிடக் கறுப்பர் கீழ்ப்படிவதே சட்டமாக இருந்த நாட்டில் வெள்ளை அதிகாரி ஒருவர் தன் கீழ் வேலைபார்த்தவரை ஆசானாக ஏற்றுக்கொண்டதைச் சிறிய செய்தியாக நான் நினைக்கவில்லை. இன்று உலகில் வாழும் 15,000-க்கும் அதிகமான வெள்ளைக் காண்டாமிருகங்கள் ஏறக்குறைய எல்லாமே அந்தச் சிறு கூட்டத்தின் வழிவந்தவை.

1959 முதல் அந்தக் காட்டின் ஒரு பகுதியில் நடைப்பயணங்கள் நடக்கின்றன. சாலை கிடையாது, வண்டி கிடையாது. துப்பாக்கியோடு வழிகாட்டிகள் முன்னே போக, காண்டாமிருகம் நடந்து நடந்து உண்டான தடத்தில் ஒற்றை வரிசையில் நடக்க வேண்டும். தன் மூட்டையைத் தானே சுமந்து போகும் வகையும் அதில் உண்டு. அப்படிப் போனால் கூடாரம்கூட இல்லாமல் திறந்தவெளியில் படுக்க வேண்டும். ஆகவே இரவு முழுவதும் யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

அந்தக் காவல் முறை எல்லாருக்கும் வரும். உங்கள் நேரம் வந்ததும் முன்னவர் தோளைத் தொட்டு எழுப்புவார். அவர் போய்ப் படுத்த பிறகு, உறங்கும் ஏழெட்டுப் பேருக்கும் அந்தப் பரந்த இருளுக்கும் நடுவே நீங்கள் ஒருவர்தான். முன்னால் சிறு நெருப்பு. அதைப் பெரிதாக வளர்க்கக் கூடாது. வெளிச்சம் கூடினால் அதற்கு அப்பால் கண் தெரியாது. அணையவும் விடக் கூடாது. அவ்வப்போது எழுந்து விளக்கைச் சுற்றிலும் அடித்துப் பார்க்க வேண்டும். கண்கள் மின்னினால் வழிகாட்டியை எழுப்ப வேண்டும். கழுதைப்புலியின் கூவல் எங்கிருந்தோ எழும். ஆற்று மணலில் ஏதோ நடக்கும் ஓசை வரும். பக்கத்தில் விறகுக் குவியல் இருக்கும். உங்களுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் விழித்திருக்க வேண்டும் என்பதால், குளிர் எவ்வளவு இருந்தாலும் அதிலிருந்து உங்கள் பங்கைத்தான் எடுக்கலாம். பகலில் யாரோடு மனத்தாங்கல் இருந்ததோ அவருடைய உறக்கமும் அப்போது உங்கள் பொறுப்பில். எழுந்து போகும் காலையில் சாம்பலையும் விட்டுவைக்காமல் அந்த இடத்தைப் பழையபடி ஆக்கிவிட்டுத்தான் நடக்க வேண்டும்.

இந்தக் காப்பகத்தின் வேலிக்கு மறுபுறம் சோம்கேலே என்ற பகுதி இருக்கிறது. அங்கே நிலத்தடியில் உயர்தர நிலக்கரி உண்டு. திறந்தவெளிச் சுரங்கம் விரிவடைய விரிவடைய வீடுகளும், வீட்டோரத்தில் இருக்கும் முன்னோர் கல்லறைகளும் இடம்பெயர வேண்டும். ஒப்பமாட்டோம் என்று நின்றவர்களில் ஒருவர் ஃபிகிலே ந்ட்ஷாங்காசே. அறுபதைக் கடந்த பெண்மணி. 2020 அக்டோபர் 22 மாலையில் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சுரங்கம் தரும் கூலியை நம்பி வாழ்கிறவர்களும் அதே ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் பசியும் பொய்யில்லை. இப்படிப்பட்ட இடங்களில் நியாயம் ஒரு பக்கமாக மட்டும் வந்து நிற்பதில்லை. ஆனால் ஒரு மூதாட்டி தம் நிலத்துக்கும் கல்லறைகளுக்கும் காவல் இருந்ததற்காகச் சாக நேர்ந்தது என்பதை எந்தப் பொருளாதாரமும் எடை போட்டுச் சரிசெய்துவிட முடியாது.

இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது மனம் தானாகவே ஒரு படி மேலே ஏறுகிறது. சுமை என்பது தனிமனிதனின் விதி என்றும், அதை இறக்கிவைப்பதே விடுதலை என்றும் நாம் எண்ணிவந்தது பாதி உண்மைதான். மறுபாதி இப்படி இருக்கிறது. உலகில் நிலைத்திருக்கத் தகுந்த எதுவும், அது ஒரு மக்களின் நினைவானாலும், ஓர் ஆற்றங்கரைக் காடானாலும், ஓர் உயிரினத்தின் இறுதிக் கூட்டமானாலும், தன் காலில் தானே நிற்பதில்லை. ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாறி மாறி, யாரும் முழுத் தொலைவும் சுமக்காமல், ஆனால் யாராவது ஒருவர் எந்நேரமும் சுமந்துகொண்டே இருப்பதால்தான் அது இங்குவரை வந்திருக்கிறது. நாம் வெறுந்தோளோடு நடக்கும் ஒவ்வொரு நாழிகையும் வேறு எவரோ தம் முறையைச் சுமந்துகொண்டிருக்கும் நாழிகை. நம் இலகுவை நாமே சம்பாதித்ததாக நினைத்துக்கொள்வது அறியாமை. அது நமக்குக் கிடைத்த இடைவேளை என்று உணர்வதே அறிவின் தொடக்கம். உணர்ந்துவிட்டால், எவ்வளவு குறைவாகச் சுமக்கலாம் என்ற பயணியின் கேள்வி அடங்கி, தோளைத் தொட்டு நம்மை எழுப்பும்போது எழுந்திருப்போமா என்ற வேறொரு கேள்வி அந்த இடத்துக்கு வருகிறது. முதல் கேள்வி அறிவைக் கேட்பது. இரண்டாவது நம் ஆளுமை முழுவதையும் கேட்பது.

கேள்வி பொதுவானது என்பதால் பதிலும் பொதுவாக இருக்கலாம் என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. 2023-இல் தென்னாப்பிரிக்காவில் கொம்புக்காகக் கொல்லப்பட்ட காண்டாமிருகங்கள் 499. அவற்றில் 307 ஹ்லுஹ்லுவே–இம்ஃபலோசி என்ற ஒரே காப்பகத்தில் விழுந்தன. அடுத்த ஆண்டே, உயிரைக் காக்கும் பொருட்டு, அங்குள்ள காண்டாமிருகங்களை மயக்கிக் கொம்புகளை அறுக்கும் வேலை தொடங்கியது. நம் நகத்தில் இருக்கும் அதே பொருளால் ஆன கொம்பு அது, அறுத்தாலும் வளரும், அப்போது மறுபடியும் அறுக்க வேண்டும். இரவு முழுவதும் காட்டில் ரோந்து போகும் காவலர்களில் பலர் வேலியை ஒட்டிய ஊர்களில் பிறந்தவர்கள். குடும்பத்தைப் பக்கத்து ஊரில் விட்டுவிட்டுத் துப்பாக்கிக்காரர்களைத் தேடி இருளில் நடக்கிறார்கள். அவர்கள் காப்பது ஓர் எல்லையில். அந்தக் கொம்பை விலை கொடுத்து வாங்கும் சந்தைகளோ வியட்நாமிலும் சீனாவிலும், நாம் வாழும் இந்த ஆசியக் கண்டத்தில்தான் இருக்கின்றன.